மணி பார்க்கும் விரல்கள்

"வக்து வந்திட்டா மகள்?"

பார்வை போன ஓர் உம்மும்மா இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வி ஒரு நாளைக்கு எத்தனை தடவை எழும் என்பது அந்த வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும். அடுப்படியில் நிற்கும் மகள் முதற் தடவை பதில் சொல்வாள். இரண்டாந் தடவையும் சொல்வாள். மூன்றாந் தடவை அவளது குரல் சற்று மாறும். வேலைக் களைப்பில் மாறும் குரல்தான். மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் கண் தெரியாதவரின் காதுக்கு அந்தச் சிறு மாற்றம் தப்பாது. அதன் பிறகு உம்மும்மா கேட்க மாட்டார். நேரம் தெரியாமலே பேசாதிருந்து விடுவார்.

பார்வையிழப்பு என்றால் இருட்டில் இருப்பது மட்டும்தான் என்று நாம் எண்ணுகின்றோம். மணி என்ன என்ற அற்ப விடயத்துக்கும் இன்னொருவரின் வாயைப் பார்த்திருக்க நேர்வதுதான் அதிலுள்ள பெரிய வேதனை.

இந்த வேதனையை விளங்கிக்கொண்ட ஒருவர் நூறு ஆண்டுகளுக்கு முன்னர் யுத்தத்தில் கண்ணிழந்த இராணுவ வீரர்களுக்காக ஒரு தர்ம ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். அவர் செய்த முதற் காரியங்களுள் ஒன்று, அவ்வீரர்களின் கையில் ஒரு கடிகாரத்தை வைத்ததாகும். காயமடைந்த ஒரு மனிதனுக்கும் அவனது குடும்பத்துக்கும் உதவி செய்வதென்றால் என்ன என்பதை அந்த ஸ்தாபனத்தின் கதையிலிருந்து நாம் நிறையவே கற்றுக்கொள்ளலாம் சகோதரிகளே!

கட்டிலருகே வந்த விருந்தாளி

முதலாம் உலக மகா யுத்தம் 1914 ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் மூண்டது. சில மாதங்களுக்குள்ளேயே பிரான்ஸ், பெல்ஜியம் ஆகிய யுத்த களங்களிலிருந்து காயமடைந்தோர் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டனர். குழிகளுக்குள் பதுங்கியிருந்து நடத்தப்பட்ட யுத்தம் அது. தலையை உயர்த்தியவனின் முகத்திலேயே குண்டுச் சிதறல்கள் பட்டன. எனவே கண்ணிழந்தோர் தொகையும் பெருகியது. அவர்களிற் பெரும்பாலோர் இருபதைத் தாண்டிய, சிலர் இருபதையும் எட்டாத வாலிபர்கள்.

வைத்தியர்கள் காயத்தை ஆற்றினர். அரசாங்கம் ஓய்வூதியம் கொடுத்தது. அதற்குப் பின்னர் என்ன? அக்காலத்தில் கண் தெரியாதவன் என்றால் வீட்டு மூலையில் ஒரு கதிரை, அல்லது தெரு முனையில் ஒரு தகரப் பேணி. இவ்விரண்டையும் தவிர வேறொன்றையும் பொதுமக்கள் கண்டதில்லை. கட்டிலிற் கிடந்த வாலிபனும் அவற்றையேதான் கண்டிருந்தான். ஆகவே கண்ணில் கட்டோடு கிடந்தவனுக்குக் காயத்தை விட எதிர்காலமே பயங்கரமாகத் தெரிந்தது.

அந்தக் கட்டில்களின் அருகே ஒரு விருந்தாளி வரத் தொடங்கினார். அவர் பெயர் சேர் ஆர்தர் பியர்சன். அவருக்கும் கண் தெரியாது. அவர் வீரனின் கையில் ஒரு கடிகாரத்தைக் கொடுப்பார். அதன் மூடியைத் திறந்து, எழும்பி நிற்கும் புள்ளிகளையும் முட்களையும் விரல் நுனியால் தடவினால் மணி தெரியும். இரவா பகலா என்றுகூடத் தெரியாமற் கிடந்தவன், எவரையும் கேட்காமல் தானாகவே நேரத்தை அறிந்துகொள்வான். கண் போன பின்னர் அவன் தன்னந்தனியே செய்து முடித்த முதல் வேலையாக அது அமைந்துவிடும்.

ஆறுதல் வார்த்தை சொல்ல எத்தனையோ பேர் வந்து போயிருப்பார்கள். ஆனால் "உன்னால் முடியும்" என்பதைச் சொல்லாமற் சொல்லிக் காட்டியது அந்தக் கடிகாரமே.

பத்திரிகை முதலாளி

பியர்சன் ஏழைகளோடு ஏழையாக வாழ்ந்த துறவியல்லர். அவர் ஒரு பெரிய பத்திரிகை முதலாளி. இன்றும் இங்கிலாந்தில் வெளிவரும் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளேட்டை 1900 ஆம் ஆண்டில் தொடங்கியவர் அவரே. நகரத்து ஏழைப் பிள்ளைகளை ஒரு நாளாவது நாட்டுப்புறத்துக்கு அழைத்துச் சென்று நல்ல காற்றைச் சுவாசிக்க வைப்பதற்காக 1892 இல் ஒரு நிதியத்தையும் ஆரம்பித்திருந்தார்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் குளுக்கோமா எனும் நோய் அவரைப் பிடித்தது. சத்திரசிகிச்சையும் பயன் தரவில்லை. பார்வை முற்றாகப் போய்விடும் என்று தெரிந்ததும் அவர் தமது பத்திரிகைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டார். வாசிப்பும் எழுத்துமே தொழிலாகக் கொண்ட மனிதருக்கு இது எத்தகைய இழப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் வீட்டில் முடங்கவில்லை. கண் தெரியாதவனாக வாழ்வதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு பாடமே என்று கருதி, அதைக் கற்கத் தொடங்கினார். பிரித்தானியாவின் தேசிய விழிப்புலனற்றோர் நிறுவகத்திலும் பொறுப்பேற்றார்.

யுத்தத்தில் கண்ணிழந்தோர் வரத் தொடங்கியதும், 1915 ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் லண்டனில் ஒரு சிறு விடுதியைத் திறந்தார். விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே முதலில் அங்கிருந்தனர். இடம் போதாமற் போகவே, ஒட்டோ கான் எனும் வங்கியாளர் ரீஜன்ட்ஸ் பூங்காவிலிருந்த தமது பெரிய மாளிகையைக் கொடுத்துதவினார். அதன் பெயர் 'செயின்ட் டன்ஸ்டன்ஸ்'. லண்டனில் அதே பெயருடைய தேவாலயத்தின் பழைய மணிக்கூட்டை முன்னொரு காலத்தில் ஒரு பிரபு விலைக்கு வாங்கி அந்த மாளிகையில் வைத்திருந்தார். அதனால் வந்த பெயர் அது. அந்தப் பெயரே பின்னர் ஸ்தாபனத்துக்கும் நிலைத்துவிட்டது.

கார்ப்பெட்டின் மீது ஒரு பாதை

அந்த மாளிகையில் நடந்தவற்றைக் கவனித்தால், ஒரு வீட்டை நடத்தும் பெண்ணுக்கு உடனே விளங்கும் சில நுணுக்கங்கள் தென்படும்.

அறைகளில் விரிக்கப்பட்டிருந்த கார்ப்பெட்டின் மேல் லினோலியத் துண்டுகள் நீளப் பாதைகளாகப் போடப்பட்டன. கால் பட்டதும் மெத்தென்றிருந்தால் பாதை தவறிவிட்டது என்று பொருள்; வழுவழுப்பாக இருந்தால் சரியான பாதை. கையைப் பிடித்துக் கூட்டிச் செல்ல எவரும் தேவையில்லை. கால்களே வழி சொல்லும். தோட்டத்திலும் பிடித்து நடக்கக் கைப்பிடிகள் போடப்பட்டன.

காலையில் பாடம். பிரெய்ல் எனும் ஆறு புள்ளி எழுத்தை விரலால் வாசிக்கக் கற்பித்தனர். தட்டச்சும் கற்பித்தனர். வீட்டுக்குத் தன் கையாலேயே கடிதம் எழுத முடிந்தால், மனைவிக்கோ தாய்க்கோ எழுதும் அந்தரங்க வார்த்தைகளை மூன்றாவது மனிதரிடம் சொல்லி எழுதுவிக்க வேண்டிய வெட்கம் இல்லாமற் போகும் அல்லவா?

அதன் பின்னர் தொழில். கூடை பின்னுதல், பாய் முடைதல், சப்பாத்துத் திருத்துதல், தச்சு வேலை, டெலிபோன் பரிவர்த்தனை நிலையத்தில் இணைப்புக் கொடுத்தல், தசைகளைப் பிடித்துவிடும் சிகிச்சை எனப் பல தொழில்கள் இருந்தன. கடைசியாகச் சொன்ன அந்தச் சிகிச்சையைக் கற்ற பலர் வைத்தியசாலைகளில் வேலைக்கமர்ந்தனர். காயப்பட்டு வந்த வீரன், காயப்பட்ட வேறு வீரர்களைக் குணப்படுத்துபவனாக மாறினான். இன்று பிசியோதெரபி என்று சொல்கின்றோமே, அத்துறைதான் அது.

இன்னொரு விசேஷமும் உண்டு. கற்பித்தோருள் கண் தெரியாதவர்களும் இருந்தனர். நேற்றுவரை மாணவனாக இருந்தவன் இன்று புதிதாக வந்தவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். "எனக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு என்ன தெரியும்?" என்று புதியவன் கேட்க முடியாது. கற்பிப்பவனுக்கும் அதே நிலைதானே!

மாலையில் பூங்காவின் ஏரியில் படகோட்டுவார்கள். துடுப்புப் போடுவது வீரர்கள். சுக்கான் பிடித்து வழி சொல்வது தொண்டர்களாக வந்த பெண்கள்.

காயம் ஒருவருக்கு, சுமை ஒரு குடும்பத்துக்கு

இனி நம் சகோதரிகள் விசேஷமாகக் கவனிக்க வேண்டிய பகுதிக்கு வருகின்றேன்.

ஒரு வீட்டில் ஆண் மகன் கண்ணையோ காலையோ இழந்து வரும்போது, ஊர் மக்கள் அவனைப் பார்க்க வருவார்கள். அவனுக்குப் பழமும் பிஸ்கட்டும் வரும். அவன் மனைவியை எவரும் பார்ப்பதில்லை. அன்றிலிருந்து அவள் மனைவி மட்டுமல்ல. தாதி, வழிகாட்டி, சம்பாதிப்பவள், பிள்ளைகளுக்கு உம்மாவும் வாப்பாவும். அவளுக்கு இதையெல்லாம் எவரும் கற்றுக்கொடுப்பதுமில்லை; அவளது மனநிலை எப்படி என்று எவரும் கேட்பதுமில்லை.

செயின்ட் டன்ஸ்டன்ஸ் இதை மறக்கவில்லை. கோழி வளர்ப்பைத் தொழிலாகத் தெரிவு செய்த வீரன், கோழியின் இனத்தையும் நலத்தையும் தொட்டுப் பார்த்தே அறியக் கற்றான். ஆனால் அவன் தனியாகக் கற்றால் போதாது என்பதை ஸ்தாபனம் உணர்ந்திருந்தது. ஆகவே அவனது மனைவியோ, தாயோ, சகோதரியோ அழைக்கப்பட்டு அவருக்கும் அதே தொழில் கற்பிக்கப்பட்டது. இருவரும் சேர்ந்தே பண்ணையை நடத்த வேண்டியவர்கள் அல்லவா? மனைவியை வெறும் வேலையாளாக நினைக்காமல், தொழிற் பங்காளியாக மதித்த செயல் இது.

பிள்ளைகள் விடயத்தில் இன்னும் ஒரு நுட்பமான அநியாயம் இருந்தது. வீரன் காயமடைவதற்கு முன்னர் கட்டிய குடும்பத்தையே அரசாங்கத்தின் ஓய்வூதிய விதிகள் கணக்கில் எடுத்தன. கண் போன பிறகு அவன் திருமணம் முடித்து, பிள்ளைகள் பிறந்தால் அப்பிள்ளைகளுக்கு அலவன்ஸ் இல்லை. அதாவது, காயப்பட்டவன் இனிமேல் குடும்பம் என்று ஒன்றை நினைக்கக் கூடாது என்று சட்டம் வாய் திறவாமல் சொல்லியது. இந்தப் பிள்ளைகளுக்காகவே பியர்சனின் மனைவி எத்தல் பியர்சன் அம்மையார் ஒரு தனி நிதியத்தை உருவாக்கினார். சட்டம் எழுதிய ஆண்களின் கண்ணிற் படாத ஓட்டை ஒரு பெண்ணின் கண்ணிற் பட்டது என்பதை இவ்விடத்தில் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

பயிற்சி முடிந்து வீடு சென்றவனையும் ஸ்தாபனம் கைவிடவில்லை. பின்பராமரிப்புக்கென்றே ஒரு தனிப் பிரிவு இருந்தது. வீட்டுக்கு வந்து வேலையின் தரத்தைப் பார்ப்பார்கள். மூலப் பொருட்களை வாங்க உதவுவார்கள். பின்னிய கூடையையும் பாயையும் விற்றுக் கொடுப்பார்கள். தொழிலைக் கற்பித்துவிட்டுச் சந்தையைக் காட்டாமல் விட்டால் அந்தத் தொழில் ஒரு வருடத்தில் செத்துவிடும். தையல் மெஷின் ஒன்றைக் கொடுத்துப் படமெடுத்துவிட்டுப் போகும் இக்காலத்து நிறுவனங்கள் சில இதைச் சிந்திக்க வேண்டும்.

பதினெட்டு வயது வாலிபன்

1916 ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிரான்சின் சொம் யுத்த களத்தில் இயன் ஃபிரேசர் என்ற வாலிபனின் இரு கண்களும் ஒரே துப்பாக்கி ரவையாற் போயின. அவனுக்கு அப்போது வயது பதினெட்டு. லண்டன் வைத்தியசாலையிற் கிடந்த அவனைப் பார்க்க, பியர்சனின் உதவியாளராக இருந்த ஐரீன் என்ற பெண் அவரது செய்தியுடன் வந்தார். 1918 இல் இருவரும் மணம் முடித்தனர்.

1921 டிசம்பரில் எதிர்பாராத சம்பவம் ஒன்று நடந்தது. பியர்சன் தமது வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு நினைவிழந்து, தொட்டி நீரில் மூழ்கி இறந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட கண்ணிழந்தோருக்கு வழி காட்டியவரின் முடிவு இப்படி அமைந்தது. அவருக்குப் பின்னர் ஸ்தாபனத்தின் தலைமைப் பொறுப்பு இருபத்துநான்கே வயதான ஃபிரேசரிடம் ஒப்படைக்கப்பட்டது. உதவி பெற வந்தவன் உதவும் இடத்தின் தலைவனானான். 1974 இல் மரணிக்கும் வரை, அரை நூற்றாண்டுக்கு மேலாக அவர் அப்பொறுப்பை வகித்தார். இடையில் பாராளுமன்ற உறுப்பினராகவும் பிரபுக்கள் சபை உறுப்பினராகவும் இருந்தார்.

ஃபிரேசர் ஒரு பிரச்சினையைக் கண்டார். பிரெய்ல் எழுத்து எல்லோருக்கும் கைகூடவில்லை. சிலரின் விரல்கள் உழைத்துக் காய்த்துப் போயிருந்தன. அதைவிடக் கொடுமை, சிலர் கண்களோடு இரண்டு கைகளையும் இழந்திருந்தனர். விரலே இல்லாதவன் எதைத் தடவி வாசிப்பான்?

புத்தகத்தையே பேச வைத்தால் என்ன? ஆனால் அக்காலத்து கிராமபோன் தட்டு சில நிமிடங்களில் ஓடி முடிந்துவிடும். ஒரு நாவலைப் பதிவதற்கு வண்டி நிறையத் தட்டுகள் வேண்டும். எனவே மெதுவாகச் சுழலும் தட்டுகளைப் பற்றி ஆராய்ந்தனர். சாதாரண தட்டு நிமிடத்துக்கு 78 தடவை சுழல, இவர்களது தட்டு 24 தடவையே சுழன்றது. ஒரு பக்கம் சுமார் 25 நிமிடங்கள் ஓடியது. அமெரிக்காவிலும் அதே காலப் பகுதியில் இம்முயற்சி நடந்து வந்தது. 1935 ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் முதலாவது 'பேசும் புத்தகங்கள்' வெளிவந்தன. அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவலொன்றும் ஜோசப் கொன்ராட்டின் கடற்கதையொன்றும் அவற்றுள் அடங்கும்.

இன்று பஸ்ஸில் செல்லும்போதும் சமைக்கும்போதும் கைத்தொலைபேசியில் புத்தகம் கேட்பவர்கள் பலர். கையும் கண்ணும் இழந்த மனிதர்களின் தனிமையைப் போக்க எடுத்த முயற்சியும் அவ்வசதியின் வேர்களுள் ஒன்று என்பதை எத்தனை பேர் அறிவர்?

"தர்மமல்ல, நீதி!"

கதையின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது.

யுத்தத்தில் கண்ணிழந்தவனுக்கு மாளிகை கிடைத்தது; தோட்டம் கிடைத்தது; பத்திரிகைகள் அவனைப் பற்றி எழுதின; பணக்காரர்கள் பணத்தை அள்ளிக் கொடுத்தனர். ஆனால் சுரங்கத்திலோ தொழிற்சாலையிலோ கண்ணிழந்தவனுக்கு? பிறவியிலேயே கண் தெரியாத பெண்ணுக்கு? அவர்கள் தொண்டு நிறுவனங்களின் பட்டறைகளில் அற்ப கூலிக்குத் தூரிகையும் கூடையும் செய்துகொண்டிருந்தனர். இரு சாராருக்கும் இருட்டு ஒன்றுதான். ஆனால் ஒருவனின் இருட்டுக்கு மட்டுமே நாடு விலை கொடுத்தது.

1920 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், விழிப்புலனற்ற தொழிலாளரின் சங்கமொன்று ஒரு பெரும் நடைபயணத்தை நடத்தியது. நியூபோர்ட், மன்செஸ்டர், லீட்ஸ் ஆகிய மூன்று நகரங்களிலிருந்து கண் தெரியாதவர்கள் கைகோர்த்து லண்டனை நோக்கி நடந்தனர். "தர்மமல்ல, நீதியே வேண்டும்" என்பது அவர்களது கோஷம். அவர்கள் பிரதமரையும் சந்தித்தனர். அதே ஆண்டில் விழிப்புலனற்றோர் சட்டம் நிறைவேறியது. எழுபது வயதில் கிடைக்கும் முதியோர் ஓய்வூதியம் கண் தெரியாதவர்களுக்கு ஐம்பதிலேயே கிடைத்தது. அவர்களது நலனைக் கவனிக்கும் கடமை உள்ளூராட்சி சபைகளின் மேல் சுமத்தப்பட்டது.

இதனால் பியர்சனின் சேவை சிறியதாகிவிடாது. ஆனால் தர்மம் எவ்வளவு சிறந்ததாயினும் கொடுப்பவரின் மனம் எங்கே இளகுகிறதோ அங்கேதான் அது போய்ச் சேரும். மனம் இளகாத இடங்களுக்கும் போய்ச் சேர வேண்டுமானால் சட்டமும் உரிமையும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

நம் பக்கம் வந்த வெளிச்சம்

லண்டன் மாளிகையில் நடந்ததற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கக்கூடும். தமிழ் எழுத்து வரைக்கும் சம்பந்தம் உண்டு.

1915 ஓகஸ்டில் துருக்கியின் கலிபொலிக் குன்றுகளில் நடந்த யுத்தத்தில் கிளத்தா மெக்கன்சி என்ற நியூசிலாந்து வாலிபன் கண்களை இழந்தான். அவனது தந்தை நியூசிலாந்தின் பிரதமராக இருந்தவர். செயின்ட் டன்ஸ்டன்ஸில் பயிற்சி பெற்று நாடு திரும்பிய அவன், ஒக்லந்து நகரில் விழிப்புலனற்றோர் நிறுவகமொன்றை நடத்தி, பின்னர் சேர் பட்டமும் பெற்றான்.

இரண்டாம் உலக மகா யுத்தம் வந்தது. பஞ்சாபிலிருந்து மதராஸ் வரை, முஸ்லிம்களும் இந்துக்களும் சீக்கியர்களும் கிறிஸ்தவர்களுமாக 25 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அன்றைய இந்திய இராணுவத்தில் சேர்ந்திருந்தனர். அவர்களிலும் கண்ணிழந்தோர் இருந்தனர். அவர்களுக்காக 1943 இல் இமயமலை அடிவாரத்திலுள்ள டெஹ்ராடூன் நகரில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் பெயரிலேயே ஒரு விடுதி ஆரம்பமானது. அதை முன்னின்று நடத்தியவர் சேர் கிளத்தா மெக்கன்சி.

அங்கே அவருக்கு ஒரு சிக்கல் முன்னின்றது. இந்தியாவில் மொழிக்கு மொழி, பாடசாலைக்குப் பாடசாலை வெவ்வேறு பிரெய்ல் முறைகள். ஓரிடத்தில் படித்தவன் இன்னோரிடத்துப் புத்தகத்தை வாசிக்க முடியாது. யுத்தத்தின் பின்னர் யுனெஸ்கோவின் ஆலோசகராக அவர் இவ்விடயத்தில் ஈடுபட்டார். அதன் பயனாக 1951 இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவான 'பாரதி பிரெய்ல்' முறை ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒரே ஒலிக்கு எல்லா மொழிகளிலும் ஏறத்தாழ ஒரே புள்ளிகள். தமிழ் பிரெய்லும் அதன் ஓர் அங்கமே. அம்முறை பின்னர் இலங்கையிலும் கைக்கொள்ளப்பட்டது. டெஹ்ராடூன் விடுதியை 1950 இல் இந்திய அரசு பொறுப்பேற்றது. இன்று அது பார்வை குறைந்தோருக்கான தேசிய நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது.

அரபு எழுத்தை வலமிருந்து இடமாக ஓதிப் பழகிய நமக்கு இன்னொரு தகவலும் வியப்பைத் தரும். அரபு பிரெய்ல் இடமிருந்து வலமாகவே வாசிக்கப்படுகிறது. உலகத்து விரல்கள் எல்லாம் ஒரே திசையில் செல்வதற்கான உடன்பாடு அது.

ஆக, ஒரு யுத்தத்தில் கண்ணிழந்த ஒரு வாலிபனுக்கு லண்டனில் யாரோ செய்த உபகாரம், முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து யுத்தத்தையே காணாத நமது பிள்ளைகளின் விரலுக்கு எழுத்தாக வந்து சேர்ந்தது.

யுத்தம் முடிந்தாலும் முடியாதது

1917 இல் முதன்முதலாகப் பாவிக்கப்பட்ட மஸ்டர்ட் நச்சு வாயு எத்தனையோ வீரர்களின் கண்களைச் சுட்டது. பலருக்குச் சில கிழமைகளில் பார்வை திரும்பியது, வீடு சென்றனர், மணம் முடித்தனர், பிள்ளைகள் பெற்றனர். ஆனால் பத்து, இருபது ஆண்டுகள் கழிந்த பின்னர் சிலரது கண்கள் மீண்டும் புண்பட்டுப் பார்வை மங்கியது. யுத்தத்தை உலகமே மறந்திருந்த வேளையில் அந்தக் குடும்பங்களின் கதவை யுத்தம் திரும்பவும் தட்டியது. அவர்களுக்கும் செயின்ட் டன்ஸ்டன்ஸ் கதவைத் திறந்தது.

தர்ம ஸ்தாபனமொன்றின் உண்மையான பரீட்சை இதுவேயாகும். குண்டு விழும்போது காசு சேர்ப்பது எளிது. முப்பது ஆண்டுகள் கழித்து, நரைத்த மனிதன் ஒருவன் "எனக்கு இப்போது கண் தெரியவில்லை" என்று வரும்போது யார் இருப்பார்கள்? 2012 இல் அந்த ஸ்தாபனம் தனது பெயரை 'பிளைண்ட் வெட்டரன்ஸ் யூகே' என்று மாற்றிக்கொண்டது. யுத்தத்திலன்றி முதுமையாலோ நோயாலோ பார்வை குன்றிய முன்னாள் படையினருக்கும் அது உதவுகிறது. 2018 இல் மன்செஸ்டர் புகையிரத நிலையத்துக்கு வெளியே ஒரு சிலை திறக்கப்பட்டது. கண்ணிழந்த ஏழு வீரர்கள், முன்னால் நிற்பவரின் தோளில் கைவைத்து வரிசையாக நடக்கும் காட்சி அது. உயரமான பீடத்தின் மேலன்றி, மக்கள் நடந்து போகும் தரையிலேயே அவர்கள் நிற்கின்றனர்.

நாம் கேட்க வேண்டியவை

நமது நாட்டின் யுத்தம் 2009 மே மாதத்தில் முடிவுக்கு வந்தது. அதிலே காலையும் கையையும் கண்ணையும் இழந்தவர்கள் படையினரிலும் இருக்கின்றனர். எதிர்த் தரப்பில் நின்றோரிலும் இருக்கின்றனர். விறகு பொறுக்கப் போய் மிதிவெடியில் சிக்கிய சாதாரண மக்களிலும் இருக்கின்றனர். சிங்கள வீட்டிலும் தமிழ் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் அவர்கள் உண்டு. அரசியல் பேசுவோர் பேசட்டும். அந்த ஒவ்வொரு வீட்டிலும் காலையில் எழுந்து ஒருவரைக் கழுவி, உடுத்தி, உட்கார வைக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அவளுடைய வேலைக்குக் கட்சியுமில்லை, ஓய்வுமில்லை.

நம்மிடம் ஒரு நிறுவனம் உதவி கேட்டு வந்தால், கையிலுள்ளதைக் கொடுப்பதற்கு முன் சிலவற்றை விசாரிப்பதில் தவறில்லை. கொடுப்பதோடு நின்றுவிடுகின்றார்களா, எதையேனும் கற்றுக்கொடுக்கின்றார்களா? காயப்பட்டவரை மட்டும் பார்க்கின்றார்களா, அவரைப் பார்த்துக்கொள்பவளையும் பார்க்கின்றார்களா? ஒரு வருடம் கழித்து அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகின்றார்களா? உதவி பெற்றவர்களில் எவராவது அந்த நிறுவனத்தின் கூட்டத்தில் உட்கார்ந்து பேசுகின்றாரா? கணக்குப் புத்தகத்தைக் கேட்டால் முகம் சுளிக்காமல் காட்டுவார்களா? இக்கேள்விகளுக்கு நல்ல பதில் வந்தால் மனத்திருப்தியோடு கொடுக்கலாம்.

நிறுவனம் நடத்த எல்லோராலும் முடியாது. ஆனால் வீட்டுக்குள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கார்ப்பெட்டின் மேல் லினோலியம் போட்டவர்களைப் போல் நம் வீட்டையும் ஒரு தரம் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பாருங்கள். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை பிடித்துப் போக ஒரு கயிறு கட்டலாம். தண்ணீர்க் குவளையை எந்நாளும் ஒரே இடத்தில் வைக்கலாம். கதிரையை இடம் மாற்றினால் "மாற்றியிருக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். இவற்றுக்குப் பணம் தேவையில்லை.

அந்த உம்மும்மாவுக்கும் ஒரு வழி உண்டு. பித்தானை அழுத்தினால் நேரத்தை வாயால் சொல்லும் கடிகாரங்கள் இன்று விற்பனையில் இருக்கின்றன. வீட்டிலுள்ள கைத்தொலைபேசியும் கேட்டால் மணி சொல்லும். அடுப்படி வேலை சற்று ஓய்ந்ததும் ஒரு பத்து நிமிடம் அவரருகில் உட்காருங்கள். அவரது விரலைப் பிடித்து அந்தப் பித்தானின் மேல் வையுங்கள். முதலில் பிழைக்கும், திரும்பவும் காட்டுங்கள்.

நாளைக்கு அவர் உங்களைக் கூப்பிடலாம். "மகள், மணி பன்னிரண்டே கால். வக்து வரப் போகுது, அடுப்பைக் குறை!" என்று சொல்வதற்காக.